கோணும் பலகையும் நேரான படகும்

சூசையப்பர் பட்டறை

நாசரேத்தூர்ப் பட்டறையில் என்னென்ன பொருள்கள் செய்யப்பட்டன என்று நற்செய்தியாளர்கள் எழுதிவைக்கவில்லை. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, விசுவாசத்திற்காக உயிர் கொடுத்த புனித ஜஸ்டின், ஆண்டவர் தச்சராக இருந்த காலத்தில் கலப்பைகளையும் நுகத்தடிகளையும் செய்தார் என்று தம் நூல் ஒன்றில் குறிப்பிடுகிறார். நுகத்தடி செய்வது எளிய வேலையன்று. பச்சை மரத்தில் செய்த நுகம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய நுகம் ஒரு மாட்டின் கழுத்தில் பாரத்தை மிகுதியாக ஏற்றிப் புண்ணாக்கும். ஆகவே மரத்தின் கோணலோடு போராடுவது அந்தப் புனிதமான பட்டறைக்கும் தெரிந்த வேலையாகவே இருந்திருக்கும்.

இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளும் வினா, கடற்கரைப் பங்கு ஒன்றைச் சேர்ந்த ஒரு தாயிடமிருந்து வந்தது. கல்லூரி விடுமுறையில் வீட்டிற்கு வந்த அவர் மகன், ஒருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கும் 'கயாக்' என்னும் சிறு படகை, மெல்லிய ஒட்டுப்பலகையும் எப்பாக்சிப் பிசினும் கொண்டு கட்டத் தொடங்கினாராம். மழைக்கால மாலை ஒன்றில் மேல்தளப் பலகைகளின் ஒரு பக்கத்திற்கு மட்டும் பிசின் பூசி வைத்தார். சில நாள்களில் அவை வாழை மட்டையைப் போல் வளைந்துவிட்டன. கம்பியால் தைத்து நிறுத்திய அடிப்பகுதியும் ஒரு பக்கமாய் முறுக்கி நிற்கிறது. பல ஆண்டுகள் கடலில் தொழில் செய்த தந்தை அதைப் பார்த்து, "அடுப்பில் வை" என்று சொல்லிவிட்டார். மகனோ, இந்தப் புதிய வேலை அப்பாவுக்கு விளங்காது என்று மறுமொழி கூறிவிட்டார். இப்போது இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பலகையைக் காப்பாற்ற வழியுண்டா என்று அந்தத் தாய் கேட்கிறார்.

அவர் கேட்டது பலகையைப் பற்றி. ஆகவே நாமும் பலகையைப் பற்றியே கூறுவோம். வழி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

மரம் ஏன் கோணுகிறது?

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. உயிரோடு நின்றபோது அந்தக் குழாய்களின் உள்ளே நீர் ஓடியது. குழாய்களின் சுவர்களிலும் நீர் ஊறி நின்றது. வெட்டிய மரம் காயும்போது முதலில் குழாய்க்குள் உள்ள நீர் வெளியேறும். அதனால் மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு குறைவதில்லை. மரத்தின் எடையில் நீர் ஏறக்குறைய 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கிய பின்னரே, சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்கும்.

அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. முழுவதும் காயும்போது, நீளவாக்கில் மரம் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது. நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் பொதுவாக 4 விழுக்காடு அளவுக்குக் குறையும். ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையிலோ, அதைப்போல் இருமடங்கு, அதாவது 8 விழுக்காடு அளவுக்குக் குறையும். மரத்திற்கு மரம் இந்த எண்கள் மாறினும் விகிதம் பெரும்பாலும் இவ்வாறே அமையும். இதனால்தான் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பச்சைப் பலகை காய்ந்தபின் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறுகிவிடுவதும், பட்டைப் பக்கம் குழிந்து தொட்டிபோல் ஆவதும். பலகை வேண்டுமென்று கெட்டுப்போகவில்லை. தன் இயல்பின்படி நடந்துகொள்கிறது, அவ்வளவே.

காய்ந்த மரமும் ஓய்ந்திருப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்திற்கேற்ப அது நீரை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாய் இருக்கும் இடத்தில் மரத்தின் ஈரம் 12 விழுக்காட்டையொட்டி நிற்கும். காற்றின் ஈரப்பதம் 80-க்கு ஏறினால் மரத்தின் ஈரம் 16-ஐ நெருங்கும். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவுகள் சட்டத்தில் இறுகிக்கொள்வதும், சித்திரை வெயிலில் இடைவெளி விடுவதும் இதனாலேயே.

நீரை விட்டுவிடுவது மரத்திற்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதற்குக் கலிலேயக் கடலே ஒரு சான்று தந்துள்ளது. 1986-ஆம் ஆண்டில் கடும் வறட்சியால் அந்த ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, கின்னோசார் என்னும் ஊரின் அருகே சேற்றில் பழைய படகு ஒன்று தென்பட்டது. ஆய்ந்தவர்கள் அது கி.பி. 1-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கண்டனர். நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர். கேதுருவும் கருவாலியும் மிகுதியாக இருந்தாலும், வேறு பல மரத்துண்டுகளும் ஒட்டுப்போட்டதுபோல் அதில் காணப்பட்டன. ஏழை மீனவர் ஒருவர் கிடைத்த மரத்தையெல்லாம் வைத்துத் திரும்பத் திரும்பச் செப்பனிட்ட படகு அது என்று தோன்றுகிறது.

அந்த மரம் நீரால் மட்டுமே உருவம் தாங்கி நின்றது. வெயிலில் காயவிட்டிருந்தால் சுருண்டு நொறுங்கிப் போயிருக்கும். ஆகவே ஈரம் காயாதபடி காத்து, 12 நாள்களில் தோண்டி எடுத்து, நுரைப்பிசின் உறையில் பொதிந்து, நீரில் மிதக்கவிட்டே கரைக்குக் கொண்டுவந்தனர். பின்னர் தொட்டியில் இட்டு, மரத்திலிருந்த நீர் இருந்த இடத்தில் மெழுகு போன்ற ஒரு பொருளைச் சிறிது சிறிதாக ஏற்றினர். அந்த வேலை பல ஆண்டுகள் நடந்தது. இன்று அப்படகு கின்னோசாரில் திருப்பயணியர் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அவசரப்பட்டிருந்தால் நமக்கு ஒரு கூடை மரத்தூள்தான் மிஞ்சியிருக்கும்.

கயாக்கும் தைத்து ஒட்டும் முறையும்

கயாக் என்பது வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்களின் படகு. மரங்கள் வளராத அந்த நாட்டில், ஆறுகள் அடித்து வந்து கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சட்டம் கட்டுவார்கள். அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். சட்டங்களை ஆணியால் இறுக்காமல் தோல்வாராலும் நரம்பாலும் கட்டுவதால், மரம் சற்று அசைந்து கொடுக்கும். கோணல் அங்கே பெருங்குறையாவதில்லை. நம் கட்டுமரமும், சோழமண்டலக் கரையில் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகும் இதே அறிவில் பிறந்தவைதாம்.

இன்று பலர் வீட்டில் கட்டும் கயாக் வேறு வகையானது. மெல்லிய ஒட்டுப்பலகைகளை அளவாக அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைப்பார்கள். பின்பு உட்பக்க மூலைகளில் பிசினும் மரத்தூளும் கலந்த பசையை நிரப்பி, அதன்மேல் இழைக்கண்ணாடித் துணியை ஒட்டுவார்கள். பசை இறுகியபின் கம்பிகளை நீக்கிவிடுவார்கள். கென் லிட்டில்டைக் என்னும் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர் கயாக்குகளுக்காக இம்முறையை வகுத்தார். 1963-இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'மிரர்' என்னும் சிறு பாய்ப்படகு இதனை உலகறியச் செய்தது. எப்பாக்சிப் பிசினால் மரத்தின் எல்லாப் பக்கத்தையும் மூடி ஈரத்தைத் தடுக்கும் முறையை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பே சிட்டி நகரில், 1969-ஆம் ஆண்டு முதல் குஜன் சகோதரர்கள் வளர்த்தெடுத்தனர்.

நம் கரைக்கும் இம்முறை புதிதன்று. வள்ளம் குடைவதற்கேற்ற பெருமரங்கள் அரிதாகி, விலையும் ஏறிய நாளில், 1980-களின் தொடக்கத்தில், குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டும் முயற்சி நடந்தது. அதில் ஈடுபட்டவர்களுள் ஒருவரான பியர் ஜில்லே என்னும் பெல்ஜியப் பொறியாளர், அந்த அனுபவத்தை 1985-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். 'சிறியது கடினமானது' என்பது அந்நூலின் தலைப்பின் பொருள். அதன் துணைத்தலைப்பே வேதனைகளையும் வெற்றியையும் சேர்த்துப் பேசுகிறது. ஆகவே பிசின் படகைக் கண்டு ஐயுறும் தந்தையும், அதன்மேல் ஆவல்கொண்ட மகனும், இருவருமே நம் கடற்கரையின் வரலாற்றில் இடமுடையவர்களே.

ஒரு பக்கம் பூசிய பலகை

ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத்தாள்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஒன்றின் நார் ஓட்டத்திற்குக் குறுக்காக மற்றொன்று என அடுக்கப்பட்டுள்ளன. ஒரு தாள் சுருங்க முயன்றால் அடுத்தது அதைத் தடுக்கும். மேலும் கீழும் ஒரே அளவான இழுவிசை இருக்கும்வரை பலகை தட்டையாய் நிற்கும். அந்தச் சமநிலை கெட்டால் வளையும்.

ஒரு பக்கத்திற்கு மட்டும் பிசின் பூசினால் நேர்வது இதுதான். பூசிய பக்கம் கதவடைத்த வீடு போன்றது. ஈரம் எளிதில் புகாது, எளிதில் வெளியேறாது. பூசாத பக்கமோ திறந்த வீடு. மழைக்காலத்தில் அது ஈரத்தைக் குடித்து விரியும். எனவே பூசாத பக்கம் புடைத்து, பூசிய பக்கம் குழியும். கோடையில் இதற்கு மாறாக, பூசாத பக்கம் காய்ந்து சுருங்கிக் குழியும். பலகை எந்தப் பக்கம் குழிந்திருக்கிறது என்று பார்த்தாலே அதன் நோய் தெரிந்துவிடும்.

தாயார் எழுதியபடி இது மழைக்காலத்து வளைவு. அதற்குச் செய்ய வேண்டியவை வருமாறு:

முதலாவது, வளைந்த பலகையை வெயிலில் போடக்கூடாது. வெயில் ஒரு முகத்தை மட்டும் சுட்டு, பழைய கோணலோடு புதிய கோணலையும் சேர்க்கும். காற்றோட்டமுள்ள அறையில், மட்டமான மேசைமேல் ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை ஓர் அடிக்கு ஒன்றாக வைத்து, பூசாத பக்கம் மேலாகப் பலகையை அவற்றின்மேல் கிடத்துக. அதன்மேல் மறுபடி ரீப்பர், அடுத்த பலகை என அடுக்கி, உச்சியில் செங்கற்களைப் பரப்புக. ரீப்பர்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக வரவேண்டும். மின்விசிறியைப் பக்கவாட்டில் வைத்துச் சில நாள்கள் விட்டால் ஏறிய ஈரம் இறங்கும். வளைவில் பெரும்பகுதி தானே நிமிரும். சுவரில் சாய்த்து வைக்கும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும்.

இரண்டாவது, பூசாத பக்கம் நன்கு உலர்ந்தபின், மழையில்லாத ஒரு நாளில், அந்தப் பக்கத்திற்கும் முதற்பக்கத்தைப் போலவே பிசின் பூசுக. ஓரங்களை மறவாதிருக்க வேண்டும். அறுத்த ஓரத்தின் வழியே மரம் நீரை மிக விரைவாகக் குடிக்கும். பூச்சு ஒட்டாத அளவுக்கு இறுகியதும், பலகைகளுக்கிடையே பாலித்தீன் தாள் வைத்து, மட்டமான தளத்தில் பாரம் ஏற்றி இரண்டு நாள் விடுக. பாலித்தீனில் பிசின் பற்றாது. இனிமேல் எந்தப் பலகைக்கும் இரண்டு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதமின்றிப் பூசிவிட வேண்டும்.

கோடையில் பூசாத பக்கம் குழிந்திருந்தால் முறை வேறு. குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் சற்றே ஒற்றி, கவிழ்த்து வைத்தால் அது விரிந்து பலகை நிமிரும். பின்பு பாரத்தின்கீழ் நிழலில் மெதுவாக உலரவிட்டுப் பூச வேண்டும். ஈரம் ஒற்றிய உடனே பிசின் பூசினால் அது மரத்தைப் பற்றாது. மரத்தின் ஈரம் 12 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நலம்.

மூன்றாவதாக ஓர் ஆறுதல். நான்கு மில்லிமீட்டர் பலகை கயாக்கில் எப்படியும் வளைத்துத்தான் வைக்கப்படப்போகிறது. மேல்தளப் பலகை வில்போல் குறுக்கே வளைந்தே பொருந்தும். ஆகவே மிச்சமிருக்கும் சிறு வளைவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தையலும் வாரும் அதை இழுத்துக்கொள்ளும். தாள்கள் பிரிந்து காற்றுக் குமிழ்போல் உப்பியிருந்தாலோ, நாருக்குக் குறுக்கே விரிசல் கண்டிருந்தாலோ மட்டும் அந்தப் பலகையை ஒதுக்கிவிட வேண்டும். அத்தகைய பலகை நீரில் உயிரைத் தாங்கத் தக்கதன்று. புதிதாய் வாங்குவோர் கடற்பயன்பாட்டுக்கான இந்தியத் தர எண் 710 பொறித்த பலகையையே கேட்டு வாங்குக.

முறுக்கிய உடல்

வளைவைவிட முறுக்கு பொல்லாதது. அணியம் ஒரு பக்கமும் அமரம் மறுபக்கமும் சாய்ந்த கயாக், நேரே வலித்தாலும் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டேயிருக்கும். வலிப்பவர் அதைத் திருத்தித் திருத்தியே களைத்துப்போவார். கரையிலிருந்து விலகிய இடத்தில் களைப்பு என்பது ஆபத்து.

முறுக்கு பெரும்பாலும் மூன்று வழியில் வருகிறது. இடப்பலகையும் வலப்பலகையும் தனித்தனியே அறுக்கப்பட்டு, மயிரிழை வேறுபட்டிருக்கலாம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே தடவையில் அறுப்பதும், ஒரே முழுப்பலகையிலிருந்து எடுப்பதும் இதைத் தவிர்க்கும். நீளத்திற்காக இரு பலகைகளைச் சரிவாகச் சீவி ஒட்டிய மூட்டு சற்றே திரும்பியிருக்கலாம். அந்தச் சரிவு பலகையின் கனத்தைப்போல் 8 மடங்கு, அதாவது 4 மில்லிமீட்டர் பலகைக்கு 32 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒட்டும்போது சுண்ணக்கயிறு அடித்த நேர்க்கோட்டில் வைத்தே ஒட்ட வேண்டும். மூன்றாவது, படகைத் தாங்கும் முக்காலிகளே மட்டமில்லாமல் இருக்கலாம். பலமுறை படகைக் குறை சொல்கிறோம். குறை தரையில் இருக்கும்.

முறுக்கைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான ரீப்பர்கள் இரண்டை எடுத்துக்கொள்க. ஒன்றை அணியத்தின் அருகிலும், மற்றொன்றை அமரத்தின் அருகிலும், இரு பக்கவாட்டு விளிம்புகளின்மேல் குறுக்காக வைக்க வேண்டும். ஒரு முனையில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்கோலின் மேல்விளிம்பு வழியாகப் பின்கோலைப் பார்த்தால், இரண்டும் இணையாக இருக்கின்றனவா என்பது உடனே விளங்கும். அணியத்திலிருந்து அமரம்வரை நூல் கட்டித் தூக்குக்குண்டு விட்டால் நடுக்கோட்டின் நேர்மையும் தெரியும்.

திருத்துவதற்கு ஏற்ற காலம் கம்பி மட்டும் இருக்கும் காலமே. தாங்கிகளை ரசமட்டம் வைத்து முதலில் சரிசெய்க. பிறகு முறுக்கு உள்ள இடத்தில் கம்பிகளைத் தளர்த்தி, பலகையை ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தி மீண்டும் முறுக்குக. உயர்ந்து நிற்கும் விளிம்பில் செங்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். தாழ்ந்த பக்கத்திற்கு முட்டுக்கொடுக்கலாம். கோல்கள் இணையானதும், கம்பிகளுக்கிடையே மட்டும் சிறு சிறு பொட்டுகளாகப் பசையிட்டு ஓர் இரவு விடுக. மறுநாள் மறுபடி கோல் வைத்துப் பார்த்து, நேராக இருந்தால் மட்டுமே மூலை முழுவதும் பசை நிரப்ப வேண்டும்.

பசை இறுகிய பின்னரே முறுக்கு தெரிந்தது என்றால்? அப்போதும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூடியில்லாத செருப்புப் பெட்டியை இரு கைகளால் பிடித்து முறுக்கினால் அது முறுகும். மூடியை வைத்து நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் முறுகாது. மேல்தளம் போடாத கயாக் திறந்த பெட்டி. மேல்தளம் போட்டது மூடிய பெட்டி. எனவே மேல்தளத்தை ஒட்டும் நாளில், அடிப்பகுதியைத் தாங்கிகளோடு வாரால் இறுக்கி, கோல்கள் இணையாகும் அளவுக்கும் அதற்குச் சற்று அப்பாலும் எதிர்ப்பக்கம் முறுக்கி நிறுத்தி, அந்த நிலையிலேயே ஒட்ட வேண்டும். விடுவித்தபின் சிறிது திரும்பினும் பெரும்பகுதி நேராகவே நிலைக்கும். சில மில்லிமீட்டர் மிச்சம் ஓட்டத்தில் உணரப்படாது. மேல்தளமும் ஒட்டி முடிந்துவிட்டால் அதற்குப் பின் திருத்த இடமில்லை. ஐந்திலும் ஐம்பதிலும் வளைவதைப் பற்றிய நம் பழமொழியைத் தச்சர் ஒருவர்தாம் முதலில் சொல்லியிருப்பாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோலின் வழியே பார்ப்பவர் அமரத்தில் குனிந்திருப்பார். வாரை இறுக்குபவர் அணியத்தில் நிற்பார். இந்த வேலையை ஒருவரால் செய்ய இயலாது. பிசினின் விகிதத்தை மகன் அறிவார். நேர்க்கோட்டைக் கண்ணாலேயே அளக்கும் திறன், அலைமேல் படகை நிறுத்திப் பழகிய தந்தைக்கே மிகுதி. கோல் பிடித்துப் பார்க்குமாறு மகனே தந்தையை அழைப்பாராக. அழைக்கும்வரை தந்தை காத்திருக்கவும் வேண்டாம்.

பிசினைப் பற்றிச் சில

எப்பாக்சி இரு பகுதிகளாக வரும்: பிசின் ஒன்று, கெட்டிப்படுத்தும் திரவம் ஒன்று. தயாரித்தவர் குறித்த விகிதத்தை அணுவும் மாற்றக்கூடாது. விரைவில் இறுகட்டும் என்று இரண்டாவதைக் கூட்டி ஊற்றினால், இறுதிவரை பிசுபிசுவென்றே நிற்கும். குவளையில் மொத்தமாக வைத்திருந்தால் தானே சூடேறிப் புகையும். அகலமான தட்டில் சிறிது சிறிதாகக் கலப்பதே நம் வெப்பத்திற்கு ஏற்றது.

காலையில் பூசாமல், பிற்பகல் சாய்ந்து வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசுக. வெப்பம் ஏறும்போது மரத்திலுள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழிடும். இறங்கும்போது பிசின் உள்ளே இழுக்கப்படும். ஈரக்காற்றில் இறுகிய பூச்சின்மேல் மெழுகுபோன்ற ஏடு படியும். அடுத்த பூச்சுக்கு முன் அதை நீரால் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முழு வலிமை பெற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வெயில் எப்பாக்சியைச் சிதைப்பதால், இறுதியில் வெயில் தாங்கும் வார்னிஷோ வண்ணமோ பூசியே தீர வேண்டும்.

கையுறையின்றி எப்பாக்சியைத் தொடக்கூடாது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தோன்றும். ஒருமுறை வந்தால் பின்பு எப்போதும் வரும். தோலில் பட்டதைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுக. தின்னர் கொண்டு துடைக்க வேண்டாம். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிதல் வேண்டும். சிறு குழந்தைகள் அருகில் விளையாட இடங்கொடுக்கலாகாது.

வீண் வேலையா?

மீன் பிடிக்கப் பயன்படாத படகுக்கு இவ்வளவு பணமும் உழைப்பும் எதற்கு என்று அந்தத் தந்தை எண்ணியிருக்கலாம். பிழைப்பின் அருமை தெரிந்தவர் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. எனினும், திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தியபோது, கூலி தரும் வேலையை மட்டும் மதித்து ஏற்படுத்தவில்லை. கையால் ஒன்றைச் செய்து முடிக்கும் பொறுமையே ஒரு செல்வம். கோணிய பலகையை நிமிர்த்தப் பத்து நாள் காத்திருக்கக் கற்ற இளைஞர், நாளை வேறு பலவற்றையும் எறிந்துவிடாமல் நிமிர்த்தக் கற்றிருப்பார். நெரிந்த நாணலை முறிக்காத ஆண்டவரைப் பற்றி நாம் ஆலயத்தில் கேட்கிறோம். வீட்டிலும் பட்டறையிலும் அதைச் செய்து பார்க்க இப்படிப்பட்ட நாள்கள்தாம் வாய்ப்புத் தருகின்றன.

ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுள்ள இத்தகைய கயாக் 20 கிலோ எடை அளவில் அமையும். முன்னும் பின்னும் நீர் புகாத அறைகள் அடைத்திருந்தால்தான், கவிழ்ந்தாலும் மிதக்கும். முதல் ஓட்டம் அலையில்லாத உப்பங்கழியிலோ குளத்திலோ, கரையையொட்டியே இருக்கட்டும். நீந்தத் தெரிந்தவரும் மிதவைச்சட்டை அணிந்தே ஏற வேண்டும். கரையில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருத்தல் அவசியம்.

அடுத்த மாதம்: துடுப்புக்கேற்ற மரமும், அதைச் செதுக்கும் முறையும்.